சிங்கப்பூரில் தைப்பூசம்: ஒரு வழிநடையின் வரலாறு

தை மாதத்துப் பூச நட்சத்திரத்தில், முழுநிலவை ஒட்டி வருவது தைப்பூசம். உமையம்மை முருகனுக்கு வேல் வழங்கிய நாள் இதுவென்பது மரபு. காவடியின் தோற்றத்தை இடும்பன் கதை விளக்குகிறது. அகத்தியரின் பணிப்பின்படி இரு குன்றுகளைத் தோளில் சுமந்து சென்ற இடும்பன், பழனியில் அவற்றை இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க இயலவில்லை. முருகனை எதிர்த்து வீழ்ந்து, பின்னர் அருள்பெற்று மலைக்குக் காவலனானான். சுமத்தலும் நடத்தலுமே இக்கதையின் உயிர். ஆகவே தைப்பூசம் கோயிலுக்குள் நிகழும் வழிபாடு மட்டுமன்று; கோயிலை நோக்கி நடக்கும் வழிபாடுமாகும். அந்நடை சிங்கப்பூரில் நிலைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை நோக்குகிறது.

செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடியுடன் பாதயாத்திரை செல்வது நாட்டுக்கோட்டை நகரத்தாரின் நெடுநாளைய வழக்கம். வணிகத்தின் பொருட்டுச் சிங்கப்பூர் வந்த அவர்கள், 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். பழனி முருகனின் திருப்பெயரையே இக்கோயில் தாங்கியிருப்பது கருதத்தக்கது. பூசத்தின் முதல்நாள் ‘செட்டிப்பூசம்’ எனப்படும். அன்று வெள்ளித்தேரில் முருகன் கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு எழுந்தருளித் திரும்புவார்.

மறுநாள் காவடிகள் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படுகின்றன. முருகன் விழா வைணவக் கோயிலில் தொடங்குவது புதியோர்க்கு வியப்பளிக்கலாம். ஆனால் தமிழ் மரபில் திருமால் முருகனுக்கு மாமன். மாமன் வாயிலில் தொடங்கி மருகன் சந்நிதியில் முடியும் இவ்வழி, லிட்டில் இந்தியாவையும் நகரின் நடுப்பகுதியையும் இணைக்கிறது. பால்குடம் ஏந்துவோரும் அலகுக் காவடி எடுப்போரும் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடக்கின்றனர். சீனர்கள் சிலரும் இந்நேர்த்திக் கடனை நிறைவேற்றுவதுண்டு.

இந்நடை இடர்ப்பாடின்றித் தொடரவில்லை. 1964ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப்பின் சமய நடை ஊர்வலங்கள் தடைசெய்யப்பட்டன. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்று இந்து விழாக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1968இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது, தீபாவளி நீடித்தது, தைப்பூசம் விடுபட்டது. பாலத்திற்கு அப்பால் ஜொகூரில் அது இன்றும் விடுமுறை நாள். பல்வேறு குழுக்களிடையே மோதல்கள் நேர்ந்தமையால், 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. வேல் தாங்கி நடப்போர்க்கு மேளமும் உறுமியும் வெறும் ஆரவாரம் அல்ல. வலியை மறந்து அடியெடுத்து வைக்கத் துணைநிற்பவை. 2015ஆம் ஆண்டு ஊர்வலத்தில் நேர்ந்த கைகலப்பைத் தொடர்ந்து இவ்விதி பரவலாக விவாதிக்கப்பட்டது. 2016இல் வழியின் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இசைவு கிடைத்தது.

விடுமுறை நீங்கியபோதும் விழா நீங்கவில்லை. இசை அடங்கியபோதும் காவடி நிற்கவில்லை. பெருந்தொற்றினால் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் நடை ஊர்வலம் இடம்பெறவில்லை. கோயிலில் பாலாபிடேகம் குறைவின்றி நடந்தும், நடந்துசென்று சேரும் பேறு அடியார்க்கு வாய்க்கவில்லை. 2023இல் ஊர்வலம் மீண்டது. நாள்காட்டியில் தைப்பூசத்திற்குச் சிறப்பிடம் இல்லை. சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரையுள்ள வழியில் உண்டு. அவ்வழி ஆண்டுக்கொருமுறை பழனிப் பாதையாகிறது. அதனை நடந்தே காத்துவந்துள்ளனர் என்பதே சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இவ்விழா பெறும் சிறப்பாகும்.