அலமாரிக்குள் குடிவந்த பிராணிகள்

ஸ்வீடனின் ஐக்கியா நிறுவனம் 2017-இல் ‘லுர்விக்’ என்ற பெயரில் செல்லப்பிராணிகளுக்கான சாமான்களைக் கொண்டுவந்தது. அதிலிருந்த பூனை வீடு, அதே நிறுவனத்தின் ‘கல்லாக்ஸ்’ அலமாரியின் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும். இந்த யோசனையின் பெருமை முதலில் சேரவேண்டியது அலமாரி வாங்கியவர்களுக்கே. பல ஆண்டுகள் முன்பே அவர்கள் தடுப்புப் பலகையில் வட்டத் துளை போட்டுப் பூனைக்கு வழி விட்டிருந்தார்கள். கைகொடுத்தது மாறாத அளவு: கட்டத்தின் வாய் சுமார் 33 சென்டிமீட்டர், ஆழம் 39. பூனை சுருண்டு படுக்க அது போதும். 2014-இல் ‘எக்ஸ்பெடிட்’ அலமாரி நின்று, மெலிந்த சட்டத்தோடு கல்லாக்ஸ் வந்தபோது ஜெர்மானிய வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஆனால் உள்ளளவு மாறவில்லை. பழைய பெட்டிகள் புதியதிலும் பொருந்தின.

விலங்குக்கு மரச்சாமான் செய்வது பழைய வழக்கம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தச்சர் குளோத் செனே செய்த, பட்டும் வெல்வெட்டும் போர்த்திய நாய்க்கூடு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அது செல்வந்தர் சொல்லிச் செய்வித்த ஒற்றைப் பொருள். இங்கோ மலிவான பொதுச் சரக்கை அவரவரே திருத்திக்கொண்டார்கள். மனிதர் வசதிக்கான பெட்டியில் உயிரை அடைப்பது சரியா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். எல்லா மாற்றமும் நல்லதல்ல. காற்றில்லாத பெட்டி கொடுமைதான். ஆனாலும் ஐக்கியாவின் ‘டெட்டால்ஃப்’ கண்ணாடி அலமாரியைப் பாருங்கள். தட்டுகளையும் கதவையும் கழற்றி, மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே கம்பிவலை மூடி போட்டால், வெள்ளெலிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளமான தரை கிடைக்கிறது. கடைகளில் விற்கும் சின்னக் கூண்டுகள் பலவற்றில் அந்த இடம் கிடையாது.