அபினிப் பெட்டியும் தாய்ச்சிப் பயிற்சியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, கடனீரேரிக்கு அப்பால், வன்னிப் பெருநிலத்தின் மேலைவாயிலாக அமைந்தது பூநகரி. போர்த்துக்கேயர் இங்கே கோட்டை அமைத்தனர். ஒல்லாந்தர் அதனை விரிவாக்கினர். 2011 ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலந் திறக்கப்பட்டபின் குடாநாட்டுக்கு இது குறுக்குவழியுமாயிற்று. கடலும் வழியும் ஓரூருக்கு நன்மையை மாத்திரங் கொணர்வனவல்ல. பாக்குநீரிணை வழியாகக் கடத்தப்பெறுங் கேரளக் கஞ்சா வடபகுதிக் கரைகளிற் கைப்பற்றப்படுவதும், போருக்குப் பிந்திய ஆண்டுகளிலே ஹெரோயினும் ‘ஐஸ்’ என்னும் நச்சுப்பொருளும் இளைஞரைப் பற்றியதும் யாவரும் அறிந்தனவே. பற்றப்பட்டவரை மீட்பது எங்ஙனம்? இவ்வினாவை நமக்கு முன்னரே, நம்மினும் பன்மடங்கு பெரிய அளவில் எதிர்கொண்ட நாடு சீனமாகும்.

சீனப் பேரரசு அபினி விற்பனையை 1729 இலேயே தடைசெய்தது. ஆயின் 1773 இல் வங்காள அபினியின் தனியுரிமையைக் கைக்கொண்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, அதனைக் கல்கத்தாவில் ஏலமிட்டு விற்றது; தனிவணிகர் வாங்கிச் சீனக் கரையிற் கள்ளமாக இறக்கினர். இத்தீமையை ஒழிக்குமாறு பேரரசர் அனுப்பிய ஆணையாளர் லின் சேசு என்பவர், 1839 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஹூமென் என்னுமிடத்தில் 20,000 இற்கு மேற்பட்ட பெட்டி அபினியை அழித்தார். குழிகளில் நீர் நிரப்பி, உப்பும் நீற்றுச் சுண்ணாம்புமிட்டுக் கரைத்துக் கடலில் விடுவதே அவர் கையாண்ட முறை. கடலை மாசுபடுத்த நேர்ந்தமைக்காகக் கடற்றெய்வத்துக்கு முன்னரே வழிபாடுஞ் செய்தார். விளைந்தது போர். 1842 இல் நான்கிங் உடன்படிக்கையால் ஹொங்கொங் பறிபோயிற்று. 1858 இல் அபினி வாணிகம் சட்டபூர்வமாயிற்று.

லின் கடுமையே வடிவானவரெனக் கொள்ளுதல் பொருந்தாது. அபினிக்கு அடிமையானோர் வழக்கத்தை விடுதற்கு ஓராண்டுத் தவணையும் உரிய மருந்துங் கொடுத்தல் வேண்டுமென 1838 இற் பேரரசருக்கு எழுதியவரும் அவரே. பெட்டியிலுள்ள அபினியைக் கரைப்பது வேறு, உடலிலும் மனத்திலும் ஊறிய வழக்கத்தைக் கரைப்பது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இலங்கையின் சட்ட வரலாறும் இவ்வேறுபாட்டை மெல்ல மெல்லவே உணர்ந்தது. நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1929 இற் பிறந்தது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கான சட்டம் 1984 இல் இயற்றப்பட்டது. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமெனத் தனிச்சட்டம் வந்ததோ 2007 இலேயாம்.

அபினிப் போர்கள் நிகழ்ந்த அதே நூற்றாண்டிலே, ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பக் கிராமத்தில் வழிவழியாகப் பயிலப்பெற்ற ஒரு போர்க்கலை வெளியுலகுக்கு வந்தது. அங்கு அதனைக் கற்ற யாங் லூசான் (1799–1872) பீக்கிங் நகரிற் கற்பித்தார். அவர் பேரர் யாங் செங்பூ (1883–1936) அதனை மெல்லிய, விரிந்த அசைவுகளாக ஒழுங்குபடுத்திப் பொதுமக்களுக்கு உரியதாக்கினார். இதுவே தாய்ச்சி. தமிழிலுள்ள ‘தாய்’ என்னுஞ் சொல்லோடு இப்பெயருக்கு யாதொரு தொடர்புமில்லை. ‘தாய்ச்சி’ என்பது சீனத் தத்துவத்தில் ‘முடிந்த முடிபு’ எனப் பொருள்படும். 1956 இற் சீன அரசின் விளையாட்டுத்துறை 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவமொன்றை வகுத்தது. 2020 இல் யுனெஸ்கோ இக்கலையை மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

தாய்ச்சியே சீனத்தின் அபினியை ஒழித்ததென்று கூறுவது வரலாற்றுப் பிழையாகும். 1950 பெப்ரவரியிற் பிறந்த அரச ஆணையும், கசகசாச் செடிகளின் அழிப்பும், வணிகர்மீது விதித்த கடுந்தண்டனையுமே அதனைச் சில ஆண்டுகளில் ஒடுக்கின. ஆயினும் 1980 களில் எல்லைகள் திறந்தபோது போதைப்பொருள் மீண்டும் புகுந்தது. அடக்குமுறை வரவை நிறுத்தும். வேட்கையை வேரறுக்காது என்பதற்கு இதுவே சான்று. அதன்பின்னரே, புனர்வாழ்வு நிலையங்களிலே தாய்ச்சி துணைப்பயிற்சியாகப் புகுந்தது.

அது துணைசெய்யும் விதம் எளிதில் விளங்கத்தக்கது. முழங்கால் சிறிது மடிய, உடற்பாரம் ஒரு காலினின்று மறுகாலுக்கு மெதுவாகப் பெயரும். கை அதனைத் தொடரும். மூச்சு அசைவோடு இசையும். ‘வெண்கொக்கு சிறகு விரித்தல்’, ‘மேகம்போற் கையசைத்தல்’ என ஒவ்வோரசைவுக்கும் பெயருண்டு. அடுத்த அசைவை நினைக்கும் மனம் அவ்வளவு நேரமாயினும் வேட்கையின்பின் ஓடாது. போதையை விட்டவரை முதலில் வாட்டுவன உறக்கமின்மையும் பதற்றமும் சோர்வுமாம். சீனாவில் ஹெரோயின், ‘ஐஸ்’ ஆகியவற்றிலிருந்து மீள்வோரிடை நடாத்தப்பெற்ற ஆய்வுகள் சில, உறக்கமும் மனநிலையும் உடல்வலிமையும் இப்பயிற்சியாற் சீரடைந்தமையைக் காட்டின. அவை சிறிய ஆய்வுகள். பலவும் கட்டாயத் தடுப்பிலிருந்தோரிடை நிகழ்ந்தவை. ஆதலின், இது மருந்தன்று, மருந்துக்குத் துணை என்ற அளவிலே கொள்ளுதலே அறிவுடைமை. போதையை நிறுத்தும் முதல் நாள்களில் மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது.

தமிழ் மக்களுக்கு இக்கருத்துப் புதியதன்று. திருக்குறளுந் திருமந்திரமும் கள்ளுண்ணாமையை வற்புறுத்தின. மூச்சையும் இருக்கையையும் நெறிப்படுத்தும் யோகத்தைத் திருமூலர் விரித்துரைத்தார். மதுவை விலக்குக என்று கூறியதோடு அமையாது, விலக்கியவன் பயிலவேண்டியதையும் அவர் கூறியமை கருதத்தக்கது.

பூநகரி போன்ற ஊரிலே பயிற்சிக்கூடங்கள் இல்லையென வருந்தவேண்டியதில்லை. தாய்ச்சிக்கோ யோகத்துக்கோ கருவியும் பெருஞ்செலவும் வேண்டா. பாடசாலை மைதானமும் கோயில் வீதியும் போதும். வேண்டுவன வேறு: முறையறிந்து கற்பிக்கும் ஓராசிரியர், நாடோறும் ஒரு குறித்த வேளை, மீண்டு வந்தவனைப் பழிக்காது தன் வரிசையில் நிற்கவிடும் அயலவர். இம்மூன்றனுள் இறுதியதே அரிது. லின் கரைத்த பெட்டிகளின் இடத்தைப் புதிய பெட்டிகள் நிரப்பின. மீண்டவனுக்கு ஊரவர் வரிசையில் இடமில்லையெனின், அவ்விடத்தைக் கொடுக்கப் போதை வணிகன் எப்பொழுதும் ஆயத்தமாய் இருப்பான்.