வீட்டில் இருக்க வாய்த்த தாய் – ஒரு வரலாற்று நோக்கு

தாயின் இடம் வீடே என்பது கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலமாகப் போதித்து வந்த கருத்தாகும். 1891ஆம் ஆண்டில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடல், பெண் இயல்பிலேயே வீட்டுப் பணிக்கு உரியவள் என்று கூறிற்று. 1931இல் 11ஆம் பத்திநாதர், தந்தையின் கூலி போதாமையால் தாய் வெளி வேலைக்குப் போக நேர்வது ஒழிக்கப்பட வேண்டிய கொடுமை என்று எழுதினார். ஞாயிறு பிரசங்கங்களில் நாசரேத்தூர்த் திருக்குடும்பம் எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது: சூசையப்பர் தச்சுப் பட்டறையில், மாதா அடுக்களையில், பாலன் இயேசு இருவருக்கும் நடுவில். கோயில் தரையில் கைக்குழந்தையோடு அமர்ந்து அதைக் கேட்ட நம் பாட்டிமார், மறுநாள் விடியுமுன் நாற்றங்காலில் நின்றனர்.

வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கும் தாய் என்னும் நிலை நம் சமுதாயத்தில் யாருக்குக் கிடைத்தது, எப்போது கிடைத்தது, அதனால் விளைந்தது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். கல்விச் சங்கங்களின் வரலாறு தலைவர்கள், செயலாளர்கள் பெயராலேயே எழுதப்படுவது வழக்கம். பிள்ளை பள்ளிக்கு வந்து சேர்ந்தால்தான் சங்கத்துக்கு வேலை உண்டு. அப்பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைவாரி அனுப்பியவர் யார் என்று கேட்போர் குறைவு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் சேரிகளில் மக்கள் குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்றனர். வட ஆர்க்காட்டில் சேத்துப்பட்டை நடுவாகக் கொண்டு உழைத்த பிரெஞ்சுக் குருவானவர் தராஸ் அடிகளின் பணி இதற்குச் சான்றாகும். புதிய மதம் அவர்களுக்கு ஒரு புனிதரின் பெயரையும், செபமாலையையும், சில ஊர்களில் ஒரு பள்ளிக்கூடத்தையும் தந்தது. நிலம் தரவில்லை. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை 1891இல் அறிக்கையாக எழுதியதன் பயனாக, 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது உண்மையே. அந்நிலங்கள் பிற்காலத்தில் கைமாறிப் போன கதையை இளைஞர் அறிவர். நிலமில்லாத குடும்பத்தில் கணவனின் கூலியை மட்டும் நம்பி அடுப்பு மூட்ட இயலாது. ஆகவே மனைவியும் கூலிக்குச் சென்றாள். ஆணினும் குறைந்த கூலிக்குச் சென்றாள்.

கோயில் உள்ள ஊர்களில் அவளுடைய நாள் திரிகால மணியால் அளக்கப்பட்டது. காலை மணி அடிக்குமுன் எழுந்து, வாசல் தெளித்து, ஊர்க் கிணற்றில் விடமாட்டார்கள் ஆதலால் சேரிக் கிணற்றிலோ குளத்திலோ நீர் மொண்டு வந்து, முந்தின இரவின் கூழைக் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு வயலுக்கு நடப்பாள். பால்குடிக் குழந்தையை உடன் கொண்டு செல்வாள். வரப்போரத்து மரக்கிளையில் பழம்புடவையால் தூளி கட்டி அதைக் கிடத்துவாள். குழந்தை அழுதவுடன் கரையேறிவிட முடியாது. நடவு வரிசையில் ஒருத்தியின் கை நின்றால் வரிசையே நிற்கும். வரப்பில் காரியக்காரர் நிற்பார். பால் கட்டிய மார்பு வலிக்க வலிக்கக் குனிந்து நின்ற தாய்மாரைப் பற்றி நம் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். பொழுது சாய்ந்து கூலி நெல்லோடு வீடு திரும்பினாலும் உடனே உலை வைக்க வழியில்லை. நெல்லைக் குத்திப் புடைத்தால்தான் அரிசி. சோறு வேகுமுன் சிறு பிள்ளைகள் உறங்கிப்போவது அன்றாட நிகழ்ச்சி. உறங்கிய பிள்ளையை எழுப்பி உண்ணச் செய்து, பரலோக மந்திரமும் பிரியதத்த மந்திரமும் சொல்ல வைத்த பின்பே அவள் தலை சாய்ப்பாள்.

அப்படியானால் பகற்பொழுதில் வீட்டிலிருந்த தாய் யார்? எட்டு வயதோ ஒன்பது வயதோ ஆன மூத்த மகளே ஆவாள். ஒரு தம்பியை இடுப்பில் சுமந்து, இன்னொருவனைக் கையில் பிடித்து, அவளும் பள்ளிக்கூட வாசல்வரை போனாள். பெரியவனை உள்ளே விட்டுவிட்டுச் சிறியவனோடு வீடு திரும்பினாள். அடுப்பைக் காத்தாள், ஆட்டைக் கட்டினாள், குழந்தை பசித்து அழுதால் வயல்வரை தூக்கிச் சென்று பால் குடிக்க வைத்துத் தூக்கி வந்தாள். நம் குடும்பங்கள் பலவற்றில் பெரியம்மா கைந்நாட்டு வைப்பவராகவும் சின்னம்மா ஆசிரியையாகவும் இருப்பதைக் காண்கிறோம். இருவருக்கும் ஒரே வயிறு, ஒரே வீடு. வேறுபாடு பிறந்த வரிசையில் மட்டுமே இருந்தது. பாமா எழுதி 1992இல் வெளியான ‘கருக்கு’, 1994இல் வெளியான ‘சங்கதி’ ஆகிய நூல்களை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். கத்தோலிக்கச் சேரியின் பாட்டிமாரும் தாய்மாரும் சிறுமியரும் ஓயாது உழைத்த உழைப்பு அவற்றில் பதிவாகியிருக்கிறது.

திருச்சபையின் பழைய ஒழுங்குகளைப் பார்க்கும்போது, வேலையாள் வைத்திருக்கும் பெண்ணை மனத்திற்கொண்டே அவை எழுதப்பட்டனவோ என்று எண்ணத் தோன்றுகிறது. நோயுற்றோர் நீங்கலாக ஏனையோர் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாதிருந்தால்தான் நன்மை வாங்கலாம் என்னும் விதி 1953 வரை இருந்தது. அவ்வாண்டில் தண்ணீர் அனுமதிக்கப்பட்டது. 1957இல் உணவுக்கான இடைவெளி மூன்று மணி நேரமாயிற்று. 1964இல் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. பால் கொடுக்கும் தாய் ஒருத்தி, பங்குக் கோயிலுக்குப் பல கல் தொலைவு வெறும் வயிற்றோடு பிள்ளையைச் சுமந்து நடந்து, பூசை முடியும்வரை முழந்தாளில் நின்றது எத்தகைய பக்தி என்பதை இந்த ஆண்டுகளைக் கொண்டு கணித்துக்கொள்ளலாம்.

நடந்து போய் அவள் அமர்ந்த இடமும் தனி இடமே. புதுச்சேரிக் கோயிலுக்குள் நம்மவரைப் பிரித்து நின்ற சுவர் 1745இல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். சுவர் விழுந்த பிறகும் பிரிவு விழவில்லை. தனி வரிசையும் தனிக் கல்லறையும் பல பங்குகளில் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தன. நாம் ஏன் இந்தப் பக்கம் உட்காருகிறோம் என்று குழந்தை முதலில் கேட்பது தாயைத்தான்.

நகரத்துக்குச் சென்றோரில் ஒரு பிரிவினரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் உதகையிலும் வெள்ளைக்காரர் வீடுகளில் ஆயாக்களாக இருந்தோரில் நம் சமுதாயத்துக் கிறித்தவப் பெண்கள் பலர். பிறர் வீட்டில் இருந்து பிறர் பிள்ளையை வளர்க்க அவர்களுக்குக் கூலி கிடைத்தது. தம் பிள்ளை கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்தது.

இந்நிலையை மாற்றியது ஆணுக்குக் காசாகக் கிடைத்த நிலையான கூலியே ஆகும். பட்டாளம், ரயில்வே, பஞ்சாலை என்று பல வாயில்கள் உண்டு. எனினும் கோலார் தங்கவயல் இவற்றுள் தனித்து நிற்கிறது என்பது என் கருத்து. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபின் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் பெருந்தொகையாகச் சென்று குடியேறினர். (அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கும் தங்கவயல் ஒரு கோட்டையாக இருந்தது, அது தனியே எழுதத்தக்க வரலாறு.) தரைமேல் சில வேலைகளில் பெண்கள் இருந்தபோதிலும், பாதாள வேலை ஆண்களுடையது. ஆகவே மூங்கில் தட்டிகளால் ஆன லைன் வீடுகளில் மனைவிமார் பகலில் வீட்டிலிருந்தனர்.

வீட்டில் இருந்தாள் என்றால் சும்மா இருந்தாள் என்று பொருள் கொள்ளலாகாது. அங்கே அவளுடைய நாளைச் சுரங்கச் சங்கு அளந்தது. கணவன் இரவு முறைக்குச் சென்று வந்தால் பகலில் உறங்க வேண்டும். இருப்பதோ ஓர் அறை. நான்கு பிள்ளைகளை ஓசையின்றி வெளியே வைத்துக்கொள்வதே ஒரு தனித் தொழில். பொதுக் குழாயில் நீர் பிடித்தல், சுரங்கச் சேறு படிந்த துணியை வெளுத்தல், இட்லி சுட்டு விற்றல், சீட்டுக் கட்டுதல், உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுக் கோயிலுக்குச் சேர்த்தல் ஆகிய அனைத்தும் அவள் வேலை. ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும்போது மேலே நிலம் அதிரும், பாத்திரங்கள் குலுங்கும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடினாள்.

இத்தனைக்கும் நடுவே அவள் ஆசிரியையாகவும் இருந்தாள். எழுத்தறியாத தாய் எவ்வாறு பாடம் கேட்டாள் என்று இக்கால இளைஞர் வியக்கலாம். சின்னக் குறிப்பிடத்தின் வினாக்களையும் விடைகளையும் உபதேசியாரிடம் செவிவழியாகக் கற்றவள் அவள். பிள்ளைக்கு ஞாயிறு மறைக்கல்வியை மனப்பாடம் செய்வித்த அதே முறையில் பள்ளிப் பாடத்தையும் உரக்க ஒப்புவிக்கச் செய்தாள். பொருள் தெரியாவிடினும் பிள்ளை தடுமாறும் இடம் அவள் காதுக்குத் தெரியும். தடுமாறினால் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, அவள் வீட்டில் இருந்ததால் மூத்த மகளின் இடுப்பிலிருந்து குழந்தை இறங்கியது. அவள் கையில் சிலேட்டு ஏறியது. நம் சமுதாயத்துப் பெண்களுள் முதற்தலைமுறை ஆசிரியைகளும் செவிலியரும் தோன்றிய வீடுகளை ஆராய்ந்தால், அவற்றுள் பல இத்தகைய தாய் இருந்த வீடுகளாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

இதற்கு விலையும் உண்டு. கூலி முழுவதும் ஒரு கையில் வந்தது. அக்கை சாராயக் கடையில் அதைத் தொலைத்தால் கேட்க அவளுக்கு வழியில்லை. வயலில் உழைத்தவளுக்குத் தன் மடியில் தன் நெல்லேனும் இருந்தது. சுரங்கத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோய்க்கு மைசூர் அரசில் 1940இல்தான் இழப்பீட்டு விதி வந்தது. கணவன் இருமி இருமி மாய்ந்தபின் கைம்பெண் வேலை தேடிப் புறப்படுவாள். மூத்த மகளின் இடுப்பில் மீண்டும் குழந்தை ஏறும்.

1950ஆம் ஆண்டின் தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணையை இந்த அடுக்களையிலிருந்து பார்க்க வேண்டும். அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நம் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், தம்மோடு தொழில் செய்த இந்து ஆதிதிராவிடருக்கு அரசு வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1985இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தும் பயனில்லை. தந்தைக்கு அரசு வேலை இல்லையேல் தாய் கூலிக்குப் போவாள் என்பது வெறும் சட்டச் செய்தியன்று. 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், வறுமையால் தாய் பிள்ளைகளை விட்டு வெளி வேலைக்குத் தள்ளப்படலாகாது என்றும், அவளுடைய உரிமையும் குறைக்கப்படலாகாது என்றும் எழுதியதை நம் பங்குகளில் எத்தனை பேர் இந்த ஆணையோடு சேர்த்துப் படித்தனர்?

வெளியே வேலை செய்யும் தாய்க்குச் சட்டம் உதவாமல் இல்லை. 1948இன் தொழிற்சாலைச் சட்டமும் 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் மிகுந்த இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றன. வயலுக்கு அச்சட்டம் இல்லை. மரக்கிளைத் தூளியே காப்பகம். 1975இல் மைய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டமும் வந்தபின் இரண்டு வயதுக் குழந்தையையும் பகலில் விட ஓர் இடம் கிராமத்தில் கிடைத்தது. அந்த மையங்கள் பெரியம்மாக்களைப் பள்ளிக்கு அனுப்பின என்று சொன்னால் மிகையாகாது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அதன்பின் ஆணும் பெண்ணுமாகப் பல்லாயிரவர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் வழிநிலையங்களிலும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். துணித் தைப்பகங்களுக்கும் பிறர் வீடுகளுக்கும் செல்லும் அத்தாய்மாரில் பலர், தாய் வீட்டிலிருந்த காலத்தில் அந்த லைன்களில் பிறந்து சிலேட்டுப் பிடித்த பெண்களே. இரவு ரயிலில் அவர்கள் திரும்பும்வரை பிள்ளைகளுக்குப் பாடம் கேட்பது வீட்டிலிருக்கும் பாட்டியின் பொறுப்பாகிறது.