கின்மென் தீவின் குண்டுக் கத்திகள்

எங்கள் வீட்டில் காய் நறுக்கும் கத்திக்கு என்னை விட வயது அதிகம். கடையில் வாங்கியது இல்லை. தாத்தா ஊரில் லாரி வைத்திருந்த ஒருவரிடமிருந்து உடைந்த பட்டை ஒன்றை (லாரிக்கு அடியில் வில் மாதிரி வளைந்து அடுக்கடுக்காக இருக்குமே, அது) வாங்கி வந்து, கொல்லுப்பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொன்னாராம். இரும்பு நம்முடையது, ஆசாரிக்குக் கூலி மட்டும். அந்த ஒரே பட்டையில் ஒரு அரிவாள், ஒரு களைக்கொத்து, மிச்சத்தில் இந்தக் கத்தி. அரிவாளும் களைக்கொத்தும் எங்கே போயினவோ தெரியாது. கத்தி மட்டும் பிடி இரண்டு தடவை மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா அதைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். நான் ஆசையாக வாங்கித் தந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி டிராயரில் தூங்குகிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும், தேய்மானக் கணக்கில் 'எறிமதிப்பு' என்று ஒன்று வரும். இயந்திரம் தன் ஆயுள் முடிந்த பிறகு பழைய இரும்பாக என்ன விலைக்குப் போகும் என்பதுதான் அது. பரீட்சைக் கணக்கில் அதைக் கழித்துவிட்டு மேலே போய்விடுவோம். அந்த இரும்பு அதற்கப்புறம் என்ன ஆனது என்று எந்தப் பேரேட்டிலும் இருக்காது. போன செமஸ்டரில் அந்தப் பாடம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கின்மென் தீவைப் பற்றித் தெரிய வந்தது. ஈழத்துத் தமிழில் பீரங்கிக் குண்டை எறிகணை என்பார்கள். எறிகணைக்கு எறிமதிப்பு உண்டா? உண்டு என்று காட்டியவர்கள் அந்தத் தீவுக்காரர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கின்மென் சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. ஆட்சி தைவானுடையது. ஆனால் தைவான் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சீனாவின் ஷியாமென் துறைமுகமோ சுமார் 10 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால் இக்கரையிலிருந்து அக்கரைக் கட்டிடங்களைப் பார்க்கலாம். 1949-ல் சீன உள்நாட்டுப் போரில் தோற்று சியாங் கை ஷேக்கின் படை தைவானுக்குப் பின்வாங்கியபோது, இந்தத் தீவை விடவில்லை. அந்த வருடம் அக்டோபர் 25-ல் கம்யூனிஸ்ட் படை குனிங்டோ என்ற இடத்தில் வந்து இறங்கியது. சில நாட்களில் முறியடிக்கப்பட்டது. அன்றிலிருந்து அது ஒரு மீன்பிடித் தீவு என்பது போய், ஒரு கோட்டை என்று ஆகிவிட்டது.

ஆனால் கத்திக் கதை அதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. வூ என்ற குடும்பத்தின் தாத்தா ஷியாமெனுக்குப் போய் கொல்லு வேலை கற்றுக்கொண்டு வந்தவர். 1937-ல் சின் ஹோ லி என்ற பெயரில் கின்மென்னில் பட்டறை. அதே வருடம் ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்தார்கள். பிறகு இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்கள் அங்கே குண்டு போட்டன. விழுந்த குண்டுகளின் ஓட்டை எடுத்து அடிக்கும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. காரணம் ரொம்ப எளிமையானது. தீவில் இரும்புத் தாது கிடையாது, வெளியிலிருந்து வருவதும் நின்றுபோயிற்று. விவசாயிக்கு மண்வெட்டி வேண்டும், மீனவனுக்குக் கத்தி வேண்டும்.

1958 ஆகஸ்ட் 23 மாலை. அக்கரையிலிருந்து பீரங்கிகள் சுட ஆரம்பித்தன. 44 நாட்கள். விழுந்த குண்டுகள் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் என்பது தைவான் தரப்புக் கணக்கு. நம் ஊரில் ஒரு நடுத்தரத் தாலுகா அளவு கூட இல்லாத நிலத்தில்! சிப்பாய்களும் இறந்தார்கள், ஊர் மக்களும் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பதுங்குகுழிகளில் வாழ்ந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் சீனா ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. இரட்டைப்படைத் தேதிகளில் சுட மாட்டோம், ஒற்றைப்படைத் தேதிகளில் சுடலாம்! ரேஷன் கடைக்கு விடுமுறை அறிவிப்பது மாதிரி. மக்கள் காலண்டரைப் பார்த்துப் பிழைப்பு நடத்தினார்கள். இடையில் 1960 ஜூன் மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் தைவானுக்கு வந்தபோது 'வரவேற்பு' என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான குண்டுகளைக் கொட்டினார்கள். அதற்குப் பிறகு குண்டுக்குள் வெடிமருந்து குறைந்து, காகிதம் வந்தது. 1960-களின் ஆரம்பத்திலிருந்து விழுந்தவை பெரும்பாலும் பிரசாரக் குண்டுகள். ஆகாயத்தில் பின்பக்கம் திறந்து துண்டுப் பிரசுரங்கள் கொட்டும். தைவான் தரப்பும் சும்மா இருக்கவில்லை, இங்கிருந்தும் காகிதக் குண்டுகள் அங்கே போயின. 1979 ஜனவரி 1, அமெரிக்காவும் சீனாவும் அதிகாரபூர்வமாக உறவு வைத்துக்கொண்ட அன்றுதான் இது முழுதாக நின்றது. இருபது வருடத்துக்கு மேல்!

காகிதக் குண்டு என்றவுடன் விளையாட்டாக நினைத்துவிடக் கூடாது. காகிதம் மெதுவாக வந்து இறங்கும். அதைச் சுமந்து வந்த எஃகுக் கூடு அப்படி இறங்காது. வேகமாக வந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். அதிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கு. வூ குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைக்காரர் வூ ட்ஸெங் டுங். மேஸ்ட்ரோ வூ என்றுதான் வெளியுலகில் பெயர். ஒரு குண்டிலிருந்து சுமார் 60 கத்தி வரும் என்பது அவர்கள் பட்டறைக் கணக்கு. நான் உடனே கால்குலேட்டரை எடுத்து 4.7 லட்சத்தை 60-ஆல் பெருக்கி, 2 கோடியே 82 லட்சம் கத்தி என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. 1958-ல் விழுந்தது வெடிக்கிற குண்டு. அது தன் வேலையைச் செய்தால் மிச்சம் சில்லுகள்தான். ஒவ்வொன்றும் விரல் அளவு, உள்ளங்கை அளவு. அந்தச் சில்லுகளைக் குழந்தைகள் பொறுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு வெட்டுக்கத்திக்கு அகலமான துண்டு வேண்டும்.

அதைக் கொடுத்தது காகிதக் குண்டு. அது சிதறாது. பின்மூடி கழன்று காகிதம் போனவுடன், கனமான எஃகுக் குழாய் ஒன்று கிட்டத்தட்ட முழுசாகத் தரையில் கிடக்கும். 152 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றின் எடை சுமார் 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், கத்திக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ. 60 என்ற கணக்கு சரியாகவே வருகிறது. ஆக, கின்மென் கத்தி என்று உலகம் கொண்டாடுகிறதே, அதன் பெரும்பகுதி 1958-ன் பெரிய சண்டையிலிருந்து வந்தது இல்லை. அதற்கப்புறம், செய்திகளில் வராத, ஒற்றைப்படைத் தேதிகளில் சலிப்பாக நடந்துகொண்டிருந்த காகித யுத்தத்திலிருந்து வந்தது.

குண்டு இரும்பு கத்திக்கு ஏன் ஒத்து வந்தது? எல்லா இரும்பும் கத்தி ஆகாது. கட்டிடக் கம்பியை அடித்துக் கத்தி செய்தால் பார்க்க அழகாக இருக்கும், தக்காளி கூட நறுக்காது. அதில் கரி (கார்பன்) குறைவு. வார்ப்பிரும்பில் கரி ரொம்ப அதிகம், சம்மட்டி பட்டால் உடைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், நூற்றுக்கு அரைப் பங்கு அல்லது அதற்குச் சற்று மேலே கரி இருந்தால் அடித்து நீட்டவும் முடியும், தோய்ச்சல் போட்டால் கூரும் நிற்கும். லாரிப் பட்டை அந்த ரகம். பீரங்கிக் குழாய்க்குள் ஏற்படும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் குண்டின் கூடும் நல்ல எஃகில்தான் செய்யப்படுகிறது. எங்கள் ஊர் ஆசாரிக்கு இந்தச் சதவீதம் எல்லாம் தெரியாது. சாணைக்கல்லில் ஒரு தேய் தேய்த்து, பறக்கிற பொறியைப் பார்த்தே சொல்லிவிடுவார். பொறி பூவாகப் பிரிந்தால் நல்ல இரும்பு, நீளக் கோடாகப் போனால் மட்டம்.

செய்முறையும் நம் பட்டறைக்கு அந்நியமில்லை. கேஸ் வெட்டுக் கருவியால் குண்டின் பக்கவாட்டில் ஒரு சதுரத் துண்டை அறுத்து எடுக்கிறார்கள். உலையில் செக்கச்செவேல் என்று பழுக்க வைத்து இயந்திரச் சம்மட்டியில் அடிக்க, வளைந்திருந்த துண்டு தகடாக நீளுகிறது. மறுபடி உலை, மறுபடி அடி. உருவம் வந்ததும் தேய்த்து, மறுபடி சூடாக்கி, சடாரென்று குளிர வைப்பார்கள். அங்கேதான் உயிர். அந்தக் கடினத்தோடு அப்படியே விட்டால் கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் லேசாக மறுபடி சூடு காட்டிக் கடினத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். கடைசியில் சாணை. வித்தியாசம் ஒன்றுதான். நம் ஊரில் துருத்தியும் கைச் சம்மட்டியும், அங்கே மின்சாரம்.

இந்தக் கத்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். போர் ஆயுதம் சமையலறைக் கருவி ஆனது, வெறுப்பு அன்பானது, இத்யாதி. எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. முதலில் அதை வாங்கினவன் யார் என்று பாருங்கள். 1940-களிலும் 50-களிலும் தீவின் விவசாயியும் மீனவனும். அவர்களுக்கு அது சமாதானச் சின்னம் இல்லை, மலிவாகக் கிடைத்த மண்வெட்டி. அடுத்து சிப்பாய்கள். உச்சக் காலத்தில் தீவில் சுமார் ஒரு லட்சம் படையினர் இருந்தார்கள், ஊர் ஜனத்தொகையை விட அதிகம். சேவை முடிந்து ஊருக்குப் போகும்போது கையில் ஒரு நினைவுப் பொருள் வேண்டும். எதிரியின் குண்டில் செய்த கத்தியை விட நல்லது எது கிடைக்கும்? அவர்களுக்கு அது ஒரு வெற்றிச் சின்னமாக இருந்திருக்கலாம். சமாதானம் என்ற விளக்கம் மூன்றாவது வாடிக்கையாளருக்காக வந்தது. 1992 நவம்பரில் தீவின் ராணுவ நிர்வாகம் முடிந்தது. படை குறையக் குறைய, சிப்பாய்களை நம்பி இருந்த சாப்பாட்டுக் கடை, சலவைக் கடை எல்லாம் ஆட்டம் கண்டன. சுற்றுலாப் பயணியைத்தான் நம்ப வேண்டியிருந்தது. சிப்பாய்க்கு விற்ற கதையை அவருக்கு விற்க முடியாதே.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பொருள் அதே பொருள், இரும்பு அதே இரும்பு, வாங்குகிறவன் மாற மாற அர்த்தம் மாறியது என்கிறேன். மார்க்கெட்டிங் வகுப்பில் ஒரு வருடம் சொல்லிக் கொடுத்ததை இந்தத் தீவு ஒரே கத்தியில் சொல்லிவிட்டது. ஆனால் அந்த முதல் வாடிக்கையாளரை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். தன் வீட்டுக் கூரையில் விழுந்த இரும்பை எடுத்துப் போய் மண்வெட்டி அடித்து வாங்கியவரிடம் எந்தத் தத்துவமும் இல்லை. வீட்டில் ஒருவரை அந்த இரும்பு கொன்றிருக்கவும் கூடும். இருந்தாலும் மறுநாள் வயலுக்குப் போக வேண்டும், கையில் கருவி வேண்டும். வெறுப்பை வைத்துக்கொள்ளக்கூட வசதி வேண்டும் போலிருக்கிறது.

2001 ஜனவரியில் கின்மென்னுக்கும் ஷியாமெனுக்கும் நேரடிப் படகுப் போக்குவரத்து தொடங்கியது. சில வருடங்களில் அக்கரைச் சுற்றுலாப் பயணிகள் வந்து வூவின் கடையில் வரிசையில் நின்று கத்தி வாங்கினார்கள். தாத்தா தொழில் கற்ற ஊர் ஷியாமென். குண்டு வந்தது ஷியாமென் பக்கத்திலிருந்து. வாங்க வருகிறவர்களும் அந்த வழியாகவே. கடையில் குண்டுகள் குவித்து வைத்திருப்பார்கள், கண் முன்னாலேயே வெட்டி அடித்துக் காட்டுவார்கள். சுட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, காசு கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். கொரோனாவால் 2020 பிப்ரவரியில் படகு நின்றது, 2023 ஜனவரியில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. விற்பனை நடக்க நடக்க இருப்புக் குறைந்துகொண்டே வரும். மறுபடி சரக்கு வர வேண்டும் என்று எந்த வியாபாரியும் விரும்புவான், இவர்களைத் தவிர. அக்கரையிலிருந்து வந்த கொள்முதலில் கடைசிப் பதிவு 1978 டிசம்பரோடு முடிந்துவிட்டது.