வௌவால்களின் உடல் அளவு

உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. அவற்றில் 2 கிராம் எடையுள்ளதும் உண்டு, ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலான இனங்கள் 50 கிராமுக்கு உட்பட்டவை. பெரிய வௌவால்கள் கண்ணில் அதிகம் படுகின்றன என்பதால் அவையே அதிகம் என்று எண்ணிவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் சிறியது கிட்டியின் பன்றிமூக்கு வௌவால். மேற்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்திலும் தென்கிழக்கு மியான்மரிலும் ஆற்றையொட்டிய சுண்ணாம்புக்கல் குகைகளில் வாழ்கிறது. உடல் நீளம் சுமார் 3 செ.மீ.; வால் வெளியே தெரிவதில்லை. எடையில் எட்ருஸ்கன் மூஞ்சூறு இதைவிடச் சற்றுக் குறைவு என்றாலும், நீளத்தில் பாலூட்டிகளிலேயே மிகச் சிறியது இதுதான். தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா 1973-இல் இதைக் கண்டறிந்தார். மறு ஆண்டே அவர் இறந்துவிட, விலங்கியலாளர் ஜான் எட்வர்ட்ஸ் ஹில் இதை விவரித்து அவர் பெயரையே சூட்டினார். தமிழகத்துக்கும் இந்தக் கிட்டியோடு தொடர்பு உண்டு. 1948-இல் மேகமலையில் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவாலின் மாதிரி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் வேறோர் இனத்தின் பெயரில் கிடந்தது. அது தனி இனம் என்று கண்டு 1972-இல் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை இட்டவர் கிட்டிதான்.

பெரியது எது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. பிலிப்பைன்ஸின் பொன்முடிப் பழந்தின்னி வௌவால் 1.4 கிலோ வரை எடையும், ஒன்றரை மீட்டருக்கு மேல் சிறகு விரிவும் கொண்டது. நம் ஊர் ஆலமரத்திலும் புளியமரத்திலும் தொங்கும் இந்தியப் பழந்தின்னி வௌவாலின் ஆண் 1.6 கிலோ வரை எடை கூடும். சிறகு விரிவில்தான் சற்றுப் பின்தங்கும். இவற்றின் பருமன் எல்லாம் சிறகில்தான். உடல் ஓர் அடிக்குள் அடங்கிவிடும். ஆள் உயர வௌவால் என்று கைப்பேசியில் சுற்றும் படங்கள் கேமராவுக்கு மிக அருகே எடுத்தவை.

பூச்சி தின்னும் வௌவால்கள் ஏன் இவ்வளவு வளர்வதில்லை? அவை ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இரை தேடுபவை. சிறகை அடிக்கும் தசையே நெஞ்சை அழுத்தி மூச்சைத் தள்ளுவதால் ஒலி எழுப்பத் தனிச் செலவு அதிகமில்லை. உடல் பெருத்தால் சிறகடிப்பு மெதுவாகும், ஒலியின் எண்ணிக்கையும் குறையும், வளைந்து திரும்புவதும் கடினமாகும். இதுவே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பறவைகளையும் எலிகளையும் வேட்டையாடும் அமெரிக்க வெப்பமண்டலப் பேய் வௌவால், ஒலியால் வழியறியும் இனங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதுவே 200 கிராமை எட்டுவதில்லை. பழந்தின்னிகளில் பெரும்பாலானவை கண்ணையும் மூக்கையும் நம்புவதால் அந்தத் தளை அவற்றுக்கு இல்லை. அதற்காகப் பழந்தின்னிகள் எல்லாமே பெரியவை அல்ல. தென்கிழக்காசியாவில் தேன் குடிக்கும் சில இனங்கள் 20 கிராமைக்கூடத் தாண்டுவதில்லை.

வயிறு நிறைய உண்டால் ஒரே இரவில் எடை மாறிவிடும் என்பதால், ஆய்வாளர்கள் முன்கை எலும்பின் நீளத்தைக் காலிப்பர் கொண்டு அளக்கிறார்கள். பன்றிமூக்கு வௌவாலுக்கு அது சுமார் 2.5 செ.மீ., இந்தியப் பழந்தின்னிக்கு 15 முதல் 18 செ.மீ. எடையில் சில நூறு மடங்கு வேறுபடும் இனங்கள் முன்கையில் சுமார் ஏழு மடங்கோடு நின்றுவிடுகின்றன. வீட்டு ஓட்டு இடுக்குகளில் தங்கும் சிறு வௌவால்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை இனம் பிரிக்க முன்கை அளவோடு மண்டையோட்டையும் பல்லையும் பார்க்க வேண்டியிருக்கும்.