ரங்கூனுக்குப் போன பணமும் கூடவே போன சனமும்

பணக்காரர்கள் ஒரு நாட்டைத் தேடிப் போகிறார்கள் என்றால் அந்த நாடு செழிப்பானது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் செழிப்பு யாருடைய உழைப்பில் உண்டானது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. பர்மாவை வைத்து இதைப் பார்க்கலாம்.

1852 போரில் ஆங்கிலேயன் கீழ் பர்மாவைப் பிடித்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்புக்காட்டை அழித்து நெல் போட்டால் கப்பல் கப்பலாக விற்கலாம் என்றாகிவிட்டது. காட்டை வெட்ட பர்மிய விவசாயிக்குக் கைமுதல் வேண்டும். வெள்ளைக்கார பேங்க் அவனுக்கு நேரடியாகக் கடன் தராது. அந்த இடத்தில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போய் உட்கார்ந்தார்கள். நிலத்தை அடகு வைக்கவும், கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டு மூலம் எடுத்துக்கொள்ளவும் சட்டம் இருந்தது. சட்டத்துக்குப் பின்னால் பட்டாளம் இருந்தது. பர்மாவின் 'கவர்ச்சி' என்பது இதுதான். கீழ் பர்மாவில் 1850களில் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கராக இருந்த நெல் நிலம் 1920களில் 80 லட்சத்தைத் தாண்டியது. 1930இல் சுமார் 1,650 செட்டியார் கடைகள், 75 கோடி ரூபாய் முதல் என்று வங்கி விசாரணைக் குழு கணக்குச் சொன்னது. ரங்கூன் முகல் தெருவில் கிட்டங்கி கிட்டங்கியாகப் பெட்டியடி போட்டிருந்தார்கள். பர்மாத் தேக்கு செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நின்றது.

சரி, விளைந்த நெல்லை அறுத்தது யாரு? மில்லில் அவித்து, மூட்டை கட்டி, கப்பலில் ஏற்றியது யாரு? ரங்கூன் கக்கூசு அள்ளியது யாரு?

மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, சென்னையிலிருந்தும் ஆந்திரக் கரைத் துறைமுகங்களிலிருந்தும் கப்பலேறிய கூலிகள். தமிழர்களும் தெலுங்கர்களும். சேரி சனமும், நிலமில்லாத மற்ற சாதி ஏழைகளும். 1931இல் பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் நம்மவங்கதான். காசுள்ளவன் கடல் தாண்டினால் அதற்குப் பெயர் வணிகம். சேரிக்காரன் தாண்டினால் 'பஞ்சம் பிழைக்கப் போனான்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியும் பல புத்தகங்களில் கிடையாது.

1930இல் உலக மந்தம். நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கை மாறியது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937இல் 25 பங்கு. செட்டியார் பண்ணையாராகத்தான் போனார் என்று சொல்ல முடியாது. அவருக்கு வேண்டியது பணம், கிடைத்தது வயல். ஆனால் பர்மியன் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியவேண்டிய அவசியம் என்ன?

கோபம் எங்கே இறங்கியது என்று பாருங்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களை வேலைக்கு எடுத்தன. வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களை விரட்டின. மூண்ட கலவரத்தில் நூறு பேருக்கு மேல் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். பெரும்பாலும் கூலிகள். வட்டிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. அவர்களே மேஸ்திரியிடம் கடன்பட்டவர்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். காசிருந்தவர்கள் கப்பலிலும் விமானத்திலும் கிளம்பினார்கள். நடந்து கிளம்பிய கூலிகளை, துறைமுகத்துக்கு ஆள் வேண்டும் என்று அரசாங்கமே வழியில் மறித்துத் திருப்பியது. பிறகு தௌங்குப் கணவாய் வழியாகவும், தமூ வழியாக மணிப்பூருக்கும் லட்சக்கணக்கில் நடந்தார்கள். காலராவில், பசியில், தாகத்தில் விழுந்தார்கள். நடைபாதையிலும் வெள்ளையனுக்கு ஒரு வழி, கறுப்பனுக்கு ஒரு வழி என்று இந்தியத் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள்.

1948இல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. செட்டியார்கள் நட்டஈடு கேட்டு மனு மேல் மனு போட்டார்கள். அவர்களிடம் பத்திரம் இருந்தது, பேரேடு இருந்தது, ஏக்கர் கணக்கு இருந்தது. நடந்து போன வழிகளில் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். சிலர் பத்தாயிரம் என்கிறார்கள், சிலர் அதைப்போல ஐந்து மடங்கு என்கிறார்கள். பெயர்ப் பட்டியல் எதுவும் எடுக்கப்படவில்லை.