பன்னீரும் அத்தரும்: ஒரு ஸனது ஆராய்ச்சி

மணவீட்டு வாயிலில் விருந்தினர்மீது பன்னீர் தெளித்து வரவேற்பது தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வழக்கம். நம்மவர்களின் மௌலிது மஜ்லிஸ்களிலும் பன்னீர்ச் செம்பு வலம் வருகின்றது. பெருநாள் காலையில் அத்தர் தோய்த்த பஞ்சு காதோரம் செருகப்படுகின்றது. இறுதிப் பயணத்திற்கு உடுத்தும் கஃபனும் மணமின்றி மூடப்படுவதில்லை. தொட்டிலை அடுத்துத் தொடங்கும் இந்த மணம் மண்ணறை வரை நம்முடன் வருகின்றது எனலாம்.

இத்துணை நெருக்கமான ஒரு பொருளைப் பற்றி நம் மேடைகளில் மூன்று செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ரோஜா மலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வியர்வையிலிருந்து பிறந்தது என்பது முதலாவது. பன்னீர் வடிக்கும் கலையைக் கண்டுபிடித்தவர் இப்னு ஸீனா என்பது இரண்டாவது. ரோஜா அத்தரை முதன்முதலில் கண்டவர் நூர்ஜஹான் என்பது மூன்றாவது. மூன்றும் கேட்பதற்கு இனியவை. ஆயினும், ஒரு செய்தி வந்தால் 'யாரிடமிருந்து வந்தது?' என்று வினவி, அறிவிப்பாளர் தொடரை ஆராயும் கலையை வளர்த்த சமுதாயம் நாம். இம்மூன்றையும் அவ்வாறு வினவாமல் விடுவது நமக்குத் தகாது.

முதற் செய்தியைப் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பியதும், எவரேனும் நறுமணப் பொருள் அளித்தால் மறுக்காமல் ஏற்றதும் ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளன. உம்மு ஸுலைம் (ரலி) அம்மையார் அண்ணலாரின் வியர்வையைச் சேகரித்துத் தம் நறுமணப் பொருளுடன் கலந்துகொண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆனால் அவ்வியர்வையிலிருந்து ரோஜா படைக்கப்பட்டது என்னும் அறிவிப்பு அத்தகையது அன்று. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அது ஸஹீஹ் அன்று என்றார்கள். இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களோ அது இட்டுக்கட்டப்பட்டது என்றே கூறிவிட்டார்கள். கஸ்தூரி, அம்பர், அகில், கற்பூரம் ஆகியவையே அக்கால அரபகத்தின் புகழ்பெற்ற மணங்கள். மெய்யான செய்தி கையில் இருக்கும்போது, பொய்யான ஒன்றால் அண்ணலாரைப் புகழ வேண்டிய தேவை என்ன?

இரண்டாவது செய்தி இப்னு ஸீனாவைப் பற்றியது. அவர் கி.பி. 980இல் பிறந்து 1037இல் மறைந்தார். அவருக்கு முன்பு பன்னீர் இருந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதுக்குச் சென்ற மாகாண வரிகளின் பட்டியல் ஒன்றை எடுத்துத் தருகின்றார். மஃமூன் ஆட்சி புரிந்தது 813 முதல் 833 வரை. அப்பட்டியலில் ஃபார்ஸ் மாகாணம் பணத்துடன் ஆண்டுதோறும் 30,000 குப்பி பன்னீரும் செலுத்தியதாகக் காணப்படுகின்றது. இப்னு ஸீனா பிறப்பதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே பன்னீர் அரசாங்க வரியாகச் செல்லும் அளவுக்குப் பெருந்தொழிலாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நூற்சான்றும் உண்டு. பக்தாதில் வாழ்ந்து ஏறத்தாழ 873இல் மறைந்த தத்துவ மேதை அல்கிந்தி பெயரால் 'கிதாபு கீமியாயில் இத்ரி வத்தஸ்ஈதாத்' என்னும் நூல் கிடைத்துள்ளது. நறுமணப் பொருள்களின் வேதியியலையும் வடிக்கும் முறைகளையும் கூறும் அந்நூலில் 107 செய்முறைகள் உள்ளன. கார்ல் கார்பர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை 1948இல் லைப்சிக் நகரில் பதிப்பித்து மொழிபெயர்த்தும் வெளியிட்டார். ஸ்பெயினில் வாழ்ந்து 1013இல் மறைந்த அஸ்ஸஹ்ராவீயும் தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் பன்னீர் வடிக்கும் முறையை விளக்கியுள்ளார்.

அல்கிந்திதான் முதல்வரா என்றால், அதுவும் இல்லை. தமிழில் வாலை என்று நாம் அழைக்கும் கருவியை அரபியர் 'அல்அன்பீக்' என்றனர். அச்சொல்லே 'அம்பிக்ஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் அரபு வடிவம். இஸ்லாத்திற்கு முந்திய அலெக்சாந்திரியாவில் ரசவாதிகள் வாலைகளைக் கையாண்டனர். ஆனால் அக்காலத்துக் கிரேக்க ரோமானியரின் ரோஜா எண்ணெய் என்பது, இதழ்களை ஒலிவ எண்ணெயில் ஊறவைத்து எடுத்ததேயாகும். ரசவாதியின் கருவியை மலரின் பக்கம் திருப்பி, அதனை ஒரு மாகாணத்தையே வாழவைக்கும் தொழிலாக்கியதே முஸ்லிம் உலகத்தின் தனிச்சிறப்பு. இப்பெருமை தனியொருவருக்கு உரியதன்று.

அப்படியானால் இப்னு ஸீனாவுக்குரிய பங்கு யாது? அவர் மருத்துவர். கானூனிலும், இதய மருந்துகளைப் பற்றி எழுதிய தனி நூலிலும் ரோஜாவின் குணங்களை ஆராய்ந்தார். அதன் மணம் உள்ளத்தின் சோர்வை நீக்கி உயிராற்றலை வலுப்படுத்தும் என்று அவர் கருதினார். யூனானி மருத்துவத்தில் ரோஜா பெற்ற நிலையான இடத்திற்கு அவருடைய எழுத்துப் பெரிதும் துணைநின்றது. இதழைத் தேனுடனோ சர்க்கரையுடனோ சேர்த்துச் செய்யும் குல்கந்து இன்றும் நம் மருந்துக் கடைகளில் உள்ளது. இவ்வளவு புகழ் அவருக்கு மெய்யாகவே இருக்க, மற்றவர் புகழையும் அவர் தலையில் சூட்டுவது அவருக்கே இழுக்கு.

ஃபார்ஸ் மாகாணத்தில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் கூர், அரபியில் ஜூர். பாரசீகத்தில் 'கூர்' என்றால் கல்லறை என்றும் பொருள். 'மன்னர் கூருக்குப் போனார்' என்று மக்கள் சொல்வதைக் கேட்கப் பொறாத புவைஹித் மன்னர் அளுதுத் தௌலா, அவ்வூருக்குப் பீரோஸாபாத் என்று பெயர் மாற்றினார். மன்னர் ஊரின் பெயரை மாற்றினாரே அன்றி மலரின் பெயரை மாற்ற இயலவில்லை. அரபியர் அந்த ரோஜாவை இன்றளவும் 'அல்வர்துல் ஜூரீ' என்றே அழைக்கின்றனர். பாரசீகர் பூ என்னும் 'குல்'லையும் நீர் என்னும் 'ஆப்'பையும் சேர்த்துக் 'குலாப்' என்றனர். வடஇந்தியாவில் மலரையே குலாப் என்கின்றனர். நாமோ அந்நீரைத் தொட்ட மாத்திரத்தில் உணர்ந்த குளிர்ச்சியைக் கொண்டு பனிநீர் என்றும் பன்னீர் என்றும் பெயரிட்டோம்.

சிலுவைப் போர்க்காலத்தில், 1187இல், சுல்தான் ஸலாஹுத்தீன் பைத்துல் முகத்தஸை மீட்டபோது குப்பத்துஸ் ஸக்ரா பன்னீரால் கழுவப்பட்டதை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். திமிஷ்கை அடுத்த மிஸ்ஸாவில் வடிக்கப்பட்ட பன்னீர், ஹிஜாஸ், யமன், ஹிந்து, சீனம் எனப் பல நாடுகளுக்கும் சென்றதை 1327இல் மறைந்த அத்திமிஷ்கீ பதிவு செய்துள்ளார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் வாழ்ந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, ஜித்தாவிலிருந்து கோழிக்கோட்டிற்குத் திரும்பும் முஸ்லிம் வணிகரின் கப்பல்களில் செம்பு, பாதரசம், பவளம், குங்குமப்பூ ஆகியவற்றோடு பன்னீரும் வந்ததைக் கூறுகின்றார். மிளகு ஏற்றிச் சென்ற கடல்வழியே மணமும் வந்தது.

இனி மூன்றாவது செய்தி. பன்னீர் வேறு, ரோஜா எண்ணெயாகிய அத்தர் வேறு. இதழும் நீரும் சேர்ந்து கொதிக்கும்போது எழும் ஆவி குளிர்ந்து நீராகின்றது. ரோஜாவின் மணக்கூறுகளில் ஒரு பகுதி நீரில் கரைந்துவிடும், அதுவே பன்னீர். எஞ்சிய எண்ணெய்க் கூறு மிகச் சிறிது. ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ வரை இதழ்கள் வேண்டும். எனவேதான் நூற்றாண்டுக் கணக்கில் பன்னீர் வடித்தவர்களும் மேலே மிதந்த மெல்லிய ஆடையைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

பன்னீர் நிறைந்த வாய்க்காலில் மிதந்த எண்ணெயை நூர்ஜஹான் கண்டார் என்று கதை சொல்வார்கள். ஜஹாங்கீரின் சொந்த நூலாகிய 'துஸுக்' வேறு விதமாகக் கூறுகின்றது. நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் பன்னீர் தயாரிக்கும்போது, கூஜாக்களிலிருந்து தட்டுகளில் ஊற்றிய சூடான பன்னீரின்மீது ஒரு படலம் கூடுவதைக் கவனித்தார். அதனைச் சிறிது சிறிதாகத் திரட்டினார். ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் அவை முழுவதும் மணக்கும் என்று பேரரசர் வியந்து எழுதுகின்றார். ஸலீமா சுல்தான் பேகம் அதற்கு 'இத்ரெ ஜஹாங்கீரி' என்று பெயரிட்டார். கண்டவருக்கு முத்துமாலை பரிசாயிற்று. ஆக, கண்டவர் தாய்; புகழ் பெற்றவர் மகள்; பெயரோ மருமகனுடையது! இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இத்தாலியின் ரவென்னா நகர மருத்துவர் ஜெரோனிமோ ரொஸ்ஸி, வடித்த ரோஜாநீர்மேல் எண்ணெய்த் துளிகள் மிதப்பதை 16ஆம் நூற்றாண்டிலேயே குறித்துள்ளார். எனவே அஸ்மத் பேகத்தை உலகின் முதல்வர் என்பதைவிட, மொகலாய அரசவைக்கு அத்தரைத் தந்தவர் என்பதே பொருந்தும்.

அத்தர்த் தொழில் இன்று கன்னோசியில் நிலைத்துள்ளது. செம்பு 'தேக்'கில் இதழும் நீரும் இட்டு, வாயைக் களிமண்ணால் மூடி, மூங்கில் குழாய் வழியாக ஆவியை நீரில் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்னும் கலத்துக்குச் செலுத்துவர். அக்கலத்தில் காத்திருக்கும் சந்தன எண்ணெய் மணத்தை ஏற்றுக்கொள்ளும். வடநாட்டு ரோஜா தங்குவதற்குத் தென்னாட்டுச் சந்தனம் இடம் தந்த உறவு இது. சந்தனம் அரிதான பின் பலர் வேறு மலிவான எண்ணெய்களை நாடியுள்ளனர். பல்கேரியாவில் உஸ்மானியர் ஆட்சியில் வளர்ந்த தொழில் கஸான்லிக் பள்ளத்தாக்கில் இன்றும் செழிக்கின்றது. கொப்பரை என்று பொருள்படும் 'கஸான்' என்னும் துருக்கிச் சொல் அவ்வூர்ப் பெயரிலேயே உள்ளது. தாயிஃப் மலைச்சரிவுகளின் ரோஜா மரபை 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. புனித கஃபாவைக் கழுவும் ஸம்ஸம் நீரிலும் பன்னீர் கலக்கப்படுகின்றது.

நம் கடைகளில் பன்னீர் என்று விற்கப்படுவனவற்றுள் பல, செயற்கை மணம் கலந்த வெறும் நீர். ஆதலால் பெயரை மட்டும் நம்பி அதைக் கண்ணில் விடுவதும் உண்பதும் கூடாது. வரலாற்றிலும் இத்தகைய கலப்படம் உண்டு. சிறிது மெய்யுடன் பெருமை மணத்தைக் கலந்து விற்றால் கேட்பவர் மயங்குவர். ஆனால் ஆராயும் பகைவன் ஒருவன் அதனை வெளிப்படுத்தும் நாளில், நாம் சொல்லிய மெய்யும் சேர்ந்தே மதிப்பிழக்கும். அல்கிந்திக்கு உரியதை அல்கிந்திக்கும், இப்னு ஸீனாவுக்கு உரியதை இப்னு ஸீனாவுக்கும், அஸ்மத் பேகத்துக்கு உரியதை அஸ்மத் பேகத்துக்கும் கொடுப்போம்.

அதன் பின்னும் ஒரு கடன் எஞ்சும். ஃபார்ஸ் அனுப்பிய 30,000 குப்பிகளையும் நிரப்பியவர்கள் யார்? கதிரவன் ஏறினால் மணம் குறையும் என்று வைகறையிலேயே முள்ளுக்கிடையே கைவிட்டு மலர் பறித்தவர்கள். அடுப்பின் தீ கூடாமலும் குறையாமலும் விழித்திருந்து காத்தவர்கள். அவர்கள் பெயர் எந்த ஸனதிலும் இல்லை. பன்னீர் நம்மீது தெளிக்கப்படும்போது அவர்களுக்காகவும் ஒரு துஆச் செய்வது, நாம் பெற்ற மணத்திற்கு நன்றியாகும்.